கிளார்க் பிரிலிம்ஸ்: எழுத்தைக் கலைத்துச் சொல் தேடும் கேள்விக்கு நான் படித்த விதம்

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. பேங்க் கிளார்க் வேலைக்கான ஐபிபிஎஸ் தேர்வின் முதல் கட்டம், அதாவது பிரிலிம்ஸ், ஒருவழியாகத் தாண்டியாயிற்று, இரண்டாவது முயற்சியில். கட்-ஆஃப், மாக் டெஸ்ட், எந்தப் புத்தகம் என்பதையெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு கேள்வி வகையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் போன தடவை முக்கால் மதிப்பெண்ணில் வெளியே போனவன் நான். ரீசனிங் என்கிற தர்க்கப் பகுதியில் 35 கேள்வியில் ஒன்றாக வரும், சில ஷிப்டில் வராமலும் போகும், அதற்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். தப்பாகக் குத்தினால் வர வேண்டிய ஒன்றும் போய், மேலே காலும் கழிகிறது. எனக்கு அந்த ஒன்றேகால்தான் ஒரு வருடத்தைத் தின்றது.

கேள்வி இதுதான்: எல், ஐ, வி, ஈ ஆகிய நான்கு எழுத்தையும் ஒரு சொல்லில் ஒரு தடவை மட்டும் வைத்து, பொருளுள்ள ஆங்கிலச் சொற்கள் எத்தனை அமைக்கலாம்? லைவ் உடனே வந்தது. கொஞ்ச நேரத்தில் ஈவில் வந்தது. இன்னும் ஒரு நிமிடம் எழுத்துகளை மனதுக்குள்ளேயே உருட்டிப் பார்த்தேன், எதுவும் தேறவில்லை, 'இரண்டு' என்று குத்திவிட்டு நகர்ந்துவிட்டேன்.

மதுரையில் சென்டர். திரும்பி வரும் பஸ்ஸில் முன் சீட்டில் ஓர் அம்மா, ஜன்னல் ஓரத்தில் இருந்த பையனிடம், "வெயில் மூஞ்சியில அடிக்குது, அந்த ஸ்க்ரீனை இழுத்து விடுப்பா" என்றார். வெயில். வி, ஈ, ஐ, எல். முகத்தை மூடும் திரைக்கு ஆங்கிலத்தில் அதுதானே சொல், கிட்டத்தட்ட அதே உச்சரிப்பு. அது வந்ததும் பின்னாலேயே வைல் வந்தது, கேவலமான என்ற பொருளில். ஆக நான்கு. விடை 'மூன்றுக்கு மேல்'. ஊர் வந்து சேரும் வரை யாரோடும் பேசவில்லை.

பிறகு யோசித்ததில் எனக்குப் புரிந்தது இது. நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஆங்கிலச் சொற்கள் என் தலைக்குள் ஓசையாகத்தான் இருக்கின்றன. லைவ் என்ற ஓசையை எப்படிப் புரட்டினாலும் வெய்ல் வராது. நைட் என்பதற்கும் திங் என்பதற்கும் ஐந்து எழுத்தும் ஒன்றுதான், காதுக்கு அது தெரியுமா? ஹார்ட், எர்த் அப்படித்தான். லிசன், சைலன்ட் இன்னும் மோசம், லிசனில் டீ இருப்பது வாய்க்கே தெரியாது. அதனால் இந்தக் கேள்வியைக் காதை மூடிக்கொண்டு கண்ணால் போட வேண்டும். நம்மைப் போல் படித்து வந்தவர்களுக்கு இதைவிட முக்கியமாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

எப்படிப் போடுவது? எழுத்துகளை ரஃப் ஷீட்டில் வட்டமாக எழுதுங்கள். வரிசையாக எழுதினால் கொடுத்த சொல்லே கண்ணில் நிற்கும், வட்டத்தில் அது உடைந்துவிடும். அப்புறம் ஒவ்வோர் எழுத்தையும் முறை வைத்து முதலில் நிறுத்துங்கள். நான்கு எழுத்துக்கு 24 வரிசை, அதாவது ஒரு முதலெழுத்துக்கு 6. கேட்க நிறைய போலிருக்கும், ஆனால் பாதிக்கு மேல் பார்த்தவுடனேயே செத்துவிடும். ஏ, ஈ, எல், எம் எடுத்துக்கொள்வோம். எல்லில் தொடங்கினால் லேம், நொண்டி. எம்மில் தொடங்கினால் ஆண் என்ற மேல், சாப்பாடு என்ற மீல். அந்த எழுத்தில்தான் இரண்டு இருக்கிறது, மேல் வந்த சந்தோஷத்தில் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஏ, ஈ இரண்டில் தொடங்கிப் பரீட்சைக்கு ஆகிற சொல் கிடையாது. மூன்று, முடிந்தது. நாற்பது விநாடி. ஐந்து எழுத்து என்றால் 120 வரிசை, அத்தனையையும் போட முடியாது, உயிரெழுத்துகளைத் தனியாகப் பிரித்துவிட்டு எஸ்ஸில் முடியுமா, ஈ-ஆரில் முடியுமா என்று கடைசியிலிருந்து பார்ப்பேன்.

இன்னொரு வகையும் உண்டு. ஒரு நீளமான சொல்லின் இரண்டாவது, ஐந்தாவது, ஏழாவது எழுத்துகளை எடு, சொல் வந்தால் அதன் மூன்றாவது எழுத்து விடை, ஒன்றுக்கு மேல் வந்தால் எம், வரவே இல்லையென்றால் எக்ஸ். இதிலும் அதே வியாதிதான், ஒரு சொல் கிடைத்ததும் கை ஆப்ஷனுக்குப் போகும். போக விடாதீர்கள்.

நான் கைவிடாமல் செய்தவை:

- கிடைத்த சொற்களை ரஃப் ஷீட்டில் எழுதிவிடுவேன், மனதில் எண்ணுவதில்லை.
- லிவ் என்றாலும் லைவ் என்றாலும் எழுத்து ஒன்றுதான், ஒரு தடவைதான் எண்ண வேண்டும்.
- ஆள் பெயர், ஊர் பெயர் சேராது. வரிக்குச் சொல்கிற லெவி ஒய்யில் முடியும், ஐயில் முடியாது. ஓசையை நம்பி அதைச் சேர்க்காதீர்கள்.
- யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற சீட்டிங் அரேஞ்ச்மென்ட் கணக்கைப் போடுவதற்கு முன்னாலேயே இதை முடித்துவிடுவேன். தலை சூடான பிறகு எனக்கு எழுத்துகள் கண்ணில் நிற்காது. பொறுமைசாலிகள் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.
- ஒரு நிமிடம் தாண்டினால் விட்டுவிடுவேன். ரீசனிங்குக்குக் கிடைக்கிற 20 நிமிடத்தில் அதற்கு மேல் தர முடியாது.

பயிற்சிக்கு, எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆடுகிறவர்களின் வழியைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கி, அந்த அடுக்குக்கு எந்தெந்தச் சொல் என்று மனப்பாடம் செய்வார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் இடப்பக்கம் அடுக்கு, வலப்பக்கம் சொற்கள். ஈ, எல், எம், என், ஓ என்றால் லெமன், மெலன். ஏ, ஈ, எம், டீ என்றால் மீட், மேட், டீம், டேம். தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு ஐந்து அடுக்கு, வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு. மூன்று மாதத்தில் நோட்டு நிறைந்துவிட்டது. இந்த முறை எனக்கு வந்தது அதில் இருந்த அடுக்கு இல்லை, ஆனாலும் கண் பழகியிருந்தது, மூன்று சொல்லையும் எழுதி எண்ணிவிட்டுத்தான் குத்தினேன்.

இதைப் போட்டுப் பாருங்கள்: ஏ, ஈ, எல், எஸ், டீ. நான் ஸ்டேல், திருடு என்ற ஸ்டீல், லீஸ்ட், டேல்ஸ் என்று நான்கில் நின்றுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த தங்கைதான் ஐந்தாவதைச் சொன்னாள். ஒன்றாம் வகுப்பில் அதன் மேல்தான் ஆனா ஆவன்னா எழுதினோம்.