வாங்காத நோட்டு

அந்த நோட்டை ஏன் வாங்கவில்லை என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானாகத்தான் எனக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பாளையங்கோட்டையில் சர்க்கரை நோய் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். நர்சாக இருந்த சிஸ்டர் ரிட்டயர் ஆன பிறகும் காலையில் தெருவில் நாலைந்து வீடு போய் இன்சுலின் ஊசி போட்டுவிட்டுத்தான் காபி குடிப்பார். நீளமான கணக்கு நோட்டு ஒன்று வைத்திருந்தார். வீட்டுக்கு ஒரு பக்கம். தேதி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, எத்தனை யூனிட், இடது தொடையா வலது தொடையா. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தோல் தடித்து மருந்து ஒழுங்காக ஏறாது, அதற்காகத்தான் இடத்தையும் எழுதிவைப்பார். குத்திய ஊசிகளை ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து, நிறைந்ததும் ஆஸ்பத்திரியில் வெள்ளை டப்பாவில் போடச் சொல்லி, அங்கே நர்சாக இருக்கும் என்னிடம் தருவார். பென்ஷனில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாக எடுத்து வைப்பார். பாதி காணிக்கைப் பைக்குப் போகும், பாதி சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கும் பஞ்சுக்கும். "ஆண்டவர் கணக்குக் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்" என்பார். கோயிலில் ஐயருக்கு, எங்கள் பக்கம் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம், இந்தக் கணக்கு சம்மதம்தானா என்று நான் விசாரித்ததில்லை.

முழங்கால் முடியாமல் போனபோது என்னைக் கூப்பிட்டனுப்பினார். நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "ரெண்டு தெரு தள்ளித்தான இருக்க. டூட்டிக்குப் போற வழியில பாத்துக்கிடுதியா பிள்ள?" என்றார்.

முடியாது என்றேன். யோசித்துச் சொன்ன பதில்கூட இல்லை. சொன்ன பிறகுதான் காரணங்களைத் தேடினேன். நைட் டூட்டி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஏதாவது ஆனால் டாக்டர் இருக்கிறார், கேஸ் ஷீட் இருக்கிறது, அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் நான் மட்டும்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் அவரும் ஊசியைத் தொட்டதில்லைதான், ஆனால் சீட்டு எப்போது எழுதியது, டோஸ் நடுவில் மாறியதா என்றெல்லாம் யார் பார்ப்பது? 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறதே என்றும் சொன்னேன்.

"மாத்திரை வருது. ராத்திரி ரெண்டு மணிக்குச் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டினா அந்தப் பிள்ளைகளா வரும்?"

அதற்கு 108 இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "உங்களுக்கு விசுவாசம் இருக்கு சிஸ்டர், செய்றீங்க. எனக்கு அப்படி ஒண்ணும் கிடையாது."

"விசுவாசம் எங்கிட்டயே இருக்கட்டும். உனக்கு ஊசி போடத் தெரியும்லா?"

கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை.

இப்போது வருகிறது. ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் அவர் உதடு அசையும், சின்ன ஜெபம். பாரத்தை ஓர் இடத்தில் இறக்கி வைத்துவிட்டுத்தான் குத்துவார். எனக்கு இறக்கி வைக்க இடமில்லை. ஆகவே தெரிந்தால் மட்டும் போதாது சிஸ்டர் என்று சொல்வேன்.

சொல்லிப் பார்க்கும்போதே இடிக்கிறது. ஏனென்றால், ஜெபம் முடிந்ததும் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து லேபிளை வாய்விட்டுப் படிப்பார். ஒருமுறை நான் கூட இருந்தேன். ஒரு வீட்டில் பாட்டில் தீர்ந்துபோய், வெளிநாட்டிலிருந்து வந்த மகன் இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சி வைத்திருந்தான். சிவப்பு மூடி சிரிஞ்ச். அதன் கோடுகள் மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு உரியவை. கார்ட்ரிட்ஜில் இருப்பதோ மில்லிக்கு 100 யூனிட். 20 என்ற கோட்டில் நின்றது உண்மையில் 50 யூனிட். இரண்டரை மடங்கு. சிஸ்டர் அதை வாங்கி, சிங்க்கில் பீய்ச்சிவிட்டு, "தம்பி, இது வேண்டாம்" என்றதோடு சரி. பாட்டில் வாங்கிவர ஆள் அனுப்பினார். அந்த அம்மாவுக்கு என்ன நடக்கவிருந்தது என்பதை அவனிடம் அப்புறம் தனியாகத்தான் சொன்னார்.

அதைப் பார்த்த பிறகும் முடியாது என்றேனா, அல்லது பார்த்ததால்தான் சொன்னேனா என்பது எனக்கே தெளிவாகவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், செத்தவரைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிஸ்டர் இருந்ததால்தான் அந்தத் தெருவில் ஒருவரும் ஊசி போடக் கற்றுக்கொள்ளவில்லை. நர்சம்மா வருவாங்க என்று கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நாங்கள் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் டிஸ்சார்ஜ் செய்வோம். எது உண்மையான உதவி? என் கட்சிக்குப் பலமான வாதம் இது. ஆனால் நோட்டைத் தள்ளிய அன்று இது எனக்குத் தோன்றவே இல்லை என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நோட்டு இப்போது அவருடைய மருமகளிடம் இருக்கிறது. அவள் நர்ஸ் இல்லை, டீச்சர். சிஸ்டர் கடைசி மாதங்களில் கட்டிலில் படுத்தபடியே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மூன்று வீட்டுக்குத்தான் போகிறாளாம். சந்தேகம் வந்தால் போன் செய்கிறாள். "அக்கா, 62 காட்டுது, போடவா?" போடாதே, சர்க்கரை இறங்கியிருக்கிறது, முழுங்க முடிகிறதென்றால் சர்க்கரைத் தண்ணீர் கொடு, கால் மணி நேரம் கழித்து விரலில் திரும்பக் குத்திச் சர்க்கரையைப் பார், டாக்டரிடம் பேசாமல் ஊசியை எடுக்காதே என்கிறேன். வார்டில் இருந்தாலும் போனை எடுத்துவிடுகிறேன். அதற்காக நான் நோட்டை வாங்கிக்கொண்டதாக ஆகாது. கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.