யாராவது வேண்டாம் என்றார்களா

"அதுல யாராவது வேணாம்னு சொன்னாங்களா தம்பி?"

எந்த வண்டி எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்யும் எங்கள் மென்பொருள்களைப் பற்றி, தேயிலை வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் போனில் கேட்டது இவ்வளவுதான். அதற்குள் வண்டி கீழ்கோத்தகிரிப் பக்கம் போய், சாக்குகளை ஏற்றிக்கொண்டு, இருட்டுவதற்கு முன்பே பேக்டரிக்கு வந்து சேர்ந்திருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இலையும் கெடவில்லை. "எல்லாத்தையும் பாத்துட்டுதான்ணா அது முடிவெடுக்குது" என்றேன். "சரி தம்பி" என்று வைத்துவிட்டார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. அந்த இரண்டு வரிப் பேச்சு அன்றிலிருந்து மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எதுவும் சரியாக உட்காரவில்லை.

எங்கள் ஏற்பாட்டில் முதலில் நான்கு ஏஜெண்டுகள் இருந்தன. நான்குமே மொழி மாதிரிகளை, அதாவது மனிதர்போல் எழுதிப் பேசும் ஏ.ஐ.யை, வைத்து ஓடும் மென்பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை, தனித் தரவு. பேக்டரி ஏஜெண்டுக்கு, இலையை வாடவைக்கும் தொட்டியான டிரஃபில் எவ்வளவு இடம் இருக்கிறது, எந்த ஷிஃப்டில் எத்தனை கிலோ ஓட்டலாம் என்று தெரியும். வண்டி ஏஜெண்ட் எந்த வண்டி எங்கே நிற்கிறது, யார் ஓட்டுகிறார் என்று பார்க்கும். சாலை ஏஜெண்ட் மழை அளவையும், டிரைவர்கள் அனுப்பும் குரல் பதிவுகளையும் படிக்கும். நான்காவது, விவசாயிகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பும்.

பறித்த இலை யாருக்காகவும் காத்திருக்காது. சாக்கில் அமுங்கிக் கிடந்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். அப்புறம் அதற்கு விலை கிடையாது. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ இலை வேண்டும். அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு நாள் பறிப்பு வீணானால் பறித்த ஆளுக்குக் கொடுத்த கூலியும் சேர்ந்து போகும். ஆகவே இந்த நான்கும் ஒத்துப்போகின்றனவா என்பதை எங்கள் ஆபீஸில் யாரும் வெறும் மென்பொருள் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் இந்த நான்குக்கும் தலைமை என்று ஒன்று வைக்கவில்லை. எல்லாம் ஒரே பலகையில் எழுதும், தேவையானதை எடுத்துக்கொள்ளும். பழைய யோசனைதான். 1970-களில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேச்சைப் புரிந்துகொள்வதற்காக உருவாக்கிய ஹியர்சே-2 இப்படித்தான் வேலை செய்தது. தனித்தனி நிரல்கள் தங்கள் ஊகங்களை ஒரு பொதுப் பலகையில் எழுதும். ஒன்றோடொன்று மோதும் ஊகங்களும் அவற்றின் மதிப்பெண்ணோடு அங்கேயே இருக்கும். எனக்கு அந்த அமைப்பு மிகவும் பிடிக்கும். எதையும் மறைக்காத அமைப்பு அது.

பிடித்திருந்தும் அதைக் கைவிட்டதற்குக் காரணம், எடை போடும் கொட்டகையில் ஒரு நாள் காலையில் அண்ணன் என்னிடம் நீட்டிய போன். அதில் இரண்டு செய்திகள். ஒன்று, "நாளை ஏழு மணிக்கு வண்டி வரும்." இன்னொன்று, "டிரஃப் நிறைந்துவிட்டது, நாளை பறிக்க வேண்டாம்." இரண்டும் சில நிமிட இடைவெளியில் போயிருந்தன. பாதிப் பேர் பறித்துவிட்டார்கள், பாதிப் பேர் பறிக்கவில்லை.

"ரெண்டும் நீங்க அனுப்புனதுதான். எது நெசம்?"

"ரெண்டாவதுண்ணா. மொதல்ல வந்தது வேற ஏஜெண்ட் சொன்னது."

"அது ஏன் அப்படிச் சொல்லுச்சு?"

"அதெல்லாம் உங்களுக்கு வேண்டாம்ணா. இனிமே ஒண்ணுதான் வரும்."

அப்போதும் அவர் "சரி தம்பி" என்றுதான் சொன்னார்.

சொன்னபடியே செய்தேன். மேலே ஓர் ஒருங்கிணைப்பு ஏஜெண்ட் வைத்தோம். மற்றவை அதனிடம் மட்டும் பேசும். வெளியே பேசுவது அது மட்டும்தான். ஒவ்வொரு முடிவுக்கும் பதிப்பு எண் உண்டு, பழைய எண்ணோடு எதுவும் வெளியே போகாது. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, தொழில் முழுக்க இந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஜூனில் ஆந்த்ரோபிக் என்ற ஏ.ஐ. நிறுவனம் தன் ஆய்வு ஏஜெண்டைப் பற்றி எழுதியபோது, தலைமை ஏஜெண்ட் ஒன்று வேலையைப் பிரித்துக் கொடுக்க, கீழே உள்ளவை தேடிச் சுருக்கித் தரும் முறையைத்தான் விவரித்தது. சாதாரண உரையாடலைவிட ஏறக்குறைய 15 மடங்கு டோக்கன் (மாதிரி படித்து எழுதும் சொல் துண்டுகள்) செலவாகும் என்பதையும் மறைக்காமல் சொன்னது. அதே மாதத்தில் காக்னிஷன் என்ற இன்னொரு ஏ.ஐ. நிறுவனம், பல ஏஜெண்டுகளைப் பிரித்து ஓட்டவே வேண்டாம் என்று எழுதியது. ஒவ்வொரு செயலுக்குள்ளும் வெளியே சொல்லாத ஒரு முடிவு இருக்கிறது, இரண்டு ஏஜெண்டுகளின் முடிவுகள் முட்டிக்கொண்டால் விளைவு மோசமாகும் என்பது அவர்கள் வாதம். கொட்டகையில் பார்த்த இரண்டு செய்திகளுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

குழப்பம் நின்றது. எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்டு வரும் போன்கள் குறைந்தன. செய்தி தெளிவாக இருக்கிறது என்று விவசாயிகளே சொன்னார்கள். இதை நான் சேர்த்தே சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டு மழை நாளை மட்டும் பேசினால் அந்த முடிவுக்கு நியாயம் செய்ததாகாது.

அந்த மழை நாளின் பதிவை அண்ணன் போன் செய்த பிறகுதான் திறந்து பார்த்தேன். ஐப்பசி மழை. பதிவில் இப்படி இருந்தது (உறுதி என்பது, ஏஜெண்ட் தன் கருத்தை எவ்வளவு நம்புகிறது என்று தானே போடும் எண்):

சாலை, 1.06: காலையிலிருந்து விடாத மழை. தடுப்புச்சுவர் ஓரமாக மண் இறங்குகிறது என்று ஒரு டிரைவர் குரல் பதிவு. போகாமல் இருப்பது நல்லது. உறுதி 0.4.

பேக்டரி, 1.09: டிரஃப் காலி. மாலைக்குள் இலை வராவிட்டால் பெரும்பகுதி சிவந்துவிடும். உறுதி 0.9.

ஒருங்கிணைப்பு, 1.10: சாலையின் தயக்கம் கணக்கில் கொள்ளப்பட்டது. இரண்டு நடைக்குப் பதில் ஒரே நடை. 2.00 மணி.

வெளியே போன செய்தி: "வண்டி இரண்டு மணிக்கு வரும். இலையைச் சாலையோரம் எடுத்து வையுங்கள்."

முடிவு தவறா என்றால், தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சாலையின் உறுதி 0.5-ஐத் தாண்டினால் வண்டி நிற்க வேண்டும் என்ற விதி இருந்தது, அன்று தாண்டவில்லை. இரண்டு நடை ஒன்றாகக் குறைந்தது. வண்டியும் நல்லபடியாகத் திரும்பி வந்தது. ஆனால் அந்த 0.4-ஐயும் 0.9-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஒன்று இலையைப் பற்றியது, மற்றொன்று ஆளைப் பற்றியது. மொழி மாதிரி தன் உறுதியைத் தானே எண்ணாகச் சொல்லும்போது அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும், ஏதாவது ஓர் இடத்தில் கோடு கிழித்துத்தானே ஆக வேண்டும்?

மண் எப்போது சரியும் என்பதை நீலகிரியில் எண்ணாகச் சொல்வதற்கே ஒரு துணிச்சல் வேண்டும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மழையில் மாவட்டம் முழுக்க 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல், அது தென்மேற்குப் பருவமழை, அப்போது கோத்தகிரி இருக்கும் கிழக்குச் சரிவில் நிலைமை வேறு. ஒரு மழைமானி சொல்வது அடுத்த சரிவுக்குச் செல்லாது. தடுப்புச்சுவரின் ஓட்டைகளில் வரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கி வருகிறதா என்று பார்த்தே அண்ணன் ஒரு முடிவுக்கு வருவார். எங்கள் சாலை ஏஜெண்டுக்கு அந்தக் கண் இல்லை. ஆனால் அன்று ஏதோ சரியில்லை என்று அதற்கும் பட்டிருக்கிறது. கண் உள்ளவருக்கு அது சொல்லப்படவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. மற்றவை எழுதியதைப் படித்துவிட்டு எழுதும்படி சாலை ஏஜெண்டை முதலில் விட்டிருந்தோம். பேக்டரி ஏஜெண்ட் அழுத்தமாகப் பேசிய நாட்களில் சாலையின் தயக்கம் கரைந்துவிடுவதைக் கவனித்தோம். "இருப்பினும் கவனமாகச் செல்லலாம்" என்று முடித்துக்கொள்ளும். பெரும்பான்மை பக்கம் சாயும் பழக்கம் இந்த மாதிரிகளுக்கு நிறையவே உண்டு. அதனால் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாமலே அது தன் கருத்தை முதலில் எழுத வேண்டும் என்று மாற்றினோம். அது தனியாக நின்று வேண்டாம் என்று சொல்வதற்கு அவ்வளவு பாடுபட்டோம். அப்படிச் சொன்னது நான்கு நிமிடத்தில் "கணக்கில் கொள்ளப்பட்டது" என்ற ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது.

1996-இல் தொடங்கிய ஃபிப்பா (FIPA) அமைப்பு ஏஜெண்டுகள் பேசிக்கொள்வதற்குத் தரம் வகுத்தபோது, மறுப்பதற்கென்றே ஒரு செய்தி வகையை வைத்தார்கள். மறுப்போடு காரணமும் போக வேண்டும். இப்போது ஏஜெண்டுக்கும் கருவிக்கும் இடையே பேச எம்.சி.பி. (MCP) என்ற பொது நெறிமுறை இருக்கிறது, ஏஜெண்டுக்கும் ஏஜெண்டுக்கும் இடையே கூகிள் 2025 ஏப்ரலில் அறிவித்த ஏ2ஏ (A2A) நெறிமுறை இருக்கிறது. ஒன்றுக்கொன்று எப்படிச் சொல்லிக்கொள்வது என்பதற்கு வழி வந்துவிட்டது. கடைசியில் ஸ்டியரிங்கைப் பிடிப்பவருக்கு அந்த மறுப்பு போக வேண்டுமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சில நாள் கழித்து அண்ணனை நேரில் பார்த்தபோது பதிவைக் காட்டினேன். நிதானமாகப் படித்தார். கோபப்படவில்லை.

"எங்க ஹட்டியில, அதாவது எங்க ஊருல, கூட்டம் நடந்தா முடிவை ஒருத்தர்தான் சொல்வாரு தம்பி. ஆனா எதுத்துப் பேசினது யாரு, என்ன பேசினாருன்னு உக்காந்திருக்கற எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு அவரு சொன்னதுதான் சரின்னு ஆச்சுன்னா, மறுபடி அவருகிட்டதான் போவோம்."

ஒரே வாய், ஆனால் எல்லோர் காதிலும் விழுந்த மறுப்பு. கேட்டவுடனே இதைச் செய்துவிடலாம் என்று தோன்றியது. செய்தியின் கீழே ஒரு வரி: "சாலை ஏஜெண்டுக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. காரணம்: மண் இறங்குவதாகத் தகவல்." டிரைவர்களுக்கும் அண்ணனுக்கும் மட்டும் போகும், விவசாயிகளுக்குப் போகாது. அவர்களுக்கு மறுபடியும் இரண்டு செய்தி என்ற நிலை வரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இப்போதும் இருக்கிறேன்.

என்னோடு வேலை செய்யும் தோழி இதை ஏற்கவில்லை. "முடிவையும் நாமளே சொல்றோம், சந்தேகத்தையும் கூடவே அனுப்புறோம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அதான் சொல்லியிருந்தோமேன்னு நாம தப்பிச்சுக்கலாம். அந்த வரி யாருக்காக?" என்றாள். அவளுக்குப் பதில் சொல்ல முயன்றேன். தகவலை மறைப்பதைவிட இது மேல் என்றேன். அண்ணன் கேட்டதே இதைத்தானே என்றேன். சொல்லச் சொல்ல, அவள் கேள்வி என் பதிலைவிடப் பெரிதாக இருப்பது எனக்கே புரிந்தது.

எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. அந்த வரி சேர்ந்து போன நாட்களிலும் வண்டிகள் புறப்பட்டுப் போயின. ஒரு டிரைவர் தம்பியிடம் கேட்டேன், வரியைப் படித்தானா என்று. "படிச்சேண்ணா. போகலைன்னா நடைக்காசு இல்லையே" என்றான். அவ்வளவுதான். நடைக்கு இவ்வளவு என்று கூலி. நடை இல்லையென்றால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுப்பு அவன் காதில் விழுந்துவிட்டது. அதைக் கேட்டு நடப்பதற்கு அவன் கையில் காசு இல்லை. அண்ணனுக்கு மட்டும் அது உதவுகிறது. அவர் மாதச் சம்பளக்காரர். போன வாரம் அந்த வரியைப் பார்த்துவிட்டு ஒரு வண்டியை அரவேணுவிலேயே நிறுத்தி வைத்தார். அன்று சாலை நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் இலை சிவந்துபோனது. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இலைக்காரர்கள் வருத்தப்பட்டார்கள்.

சாலை ஏஜெண்டின் மறுப்போடு செய்தி போகும் நாட்களில், டிரைவர் போகவில்லையென்றாலும் பாதி நடைக்காசு கொடுக்க முடியுமா என்று பேக்டரியில் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்பது மென்பொருள் எழுதுகிறவன் வேலையா என்று அங்கே ஒருவர் கேட்டார். இல்லைதான். ஆனால் வேறு யார் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை அந்த வரியை எடுத்துவிடலாம் என்கிறாள் தோழி. இப்போதைக்கு எடுக்காமல் வைத்திருக்கிறேன்.