டெய்ர் எல் ஷெயினுக்கு ஒரு பிழைதிருத்தல் பத்திரம்

காரைக்குடியில் முப்பது ஆண்டுகளாகப் பத்திரம் எழுதுகிறேன். எழுதிக் கொடுப்பவர் பெயர், எழுதி வாங்குபவர் பெயர், சர்வே எண், நான்கு மால் என்கிற நாற்புற எல்லை. இதில் ஒன்று பிசகினாலும் சொத்து யாருடையது என்பதே மாறிப்போகும். தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து தவறியதால் இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் யாருடையதோ அதை அவர் பெயரில்தான் எழுத வேண்டும் என்பது எனக்குத் தொழிலாக மட்டும் இல்லை, குணமாகவே ஊறிவிட்டது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைகளைத் திருத்துவதும் அதே குணத்தால்தான். பெரும்பாலும் நம் பக்கத்து ஊர்கள், கண்மாய்கள், கோயில்கள் பற்றியவை. போன மாதம் ஒரு போர்க் கட்டுரைக்குள் போனேன். இரண்டாம் உலகப் போரில் எகிப்துப் பாலைவனத்தில் 1942 ஜூலையில் நடந்த முதலாம் எல் அலமைன் சண்டை பற்றியது. டெய்ர் எல் ஷெயின் என்ற இடத்தில் ஒரு பிரித்தானியப் பிரிகேட் (சில பட்டாலியன்கள் சேர்ந்த படைப்பிரிவு) ஒருநாள் நின்று அழிந்தது என்று அதில் ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வரியில் பெயர் தவறு.

அங்கே நின்றது 18ஆம் இந்தியப் பிரிகேட். பல பிரிகேட்கள் அடங்கிய 8ஆம் இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. ஈராக்கிலிருந்து அவசர அவசரமாகக் கொண்டுவரப்பட்டது. ஜூன் 21 அன்று லிபியாவின் டோப்ருக் துறைமுகம் விழுந்து சுமார் முப்பத்து மூவாயிரம் பேர் சிறைப்பட்டிருந்தார்கள். ஜெர்மானியத் தளபதி ரொம்மல் எகிப்துக்குள் பாய்ந்து வந்துகொண்டிருந்தார். எல் அலமைனிலிருந்து அலெக்சாந்திரியா நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். வடக்கே கடல், தெற்கே டாங்கி இறங்க முடியாத கட்டாராப் பள்ளம், நடுவில் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர் அகலத்தில் ஓர் இடைவெளி. பத்திரக்காரனுக்கு இதைவிடத் தெளிவான மால் வேண்டியதில்லை. அந்த இடைவெளிக்குள்தான், ருவைசாத் மேட்டுக்கு அருகே, டெய்ர் எல் ஷெயின் என்ற தாழ்வான நிலம் இருக்கிறது. பதுங்கு குழி தோண்டுவதே கடினமான பாறைத் தரை. வந்து இறங்கிய சில நாட்களுக்குள் கிடைத்ததை வைத்து அரண் அமைத்தார்கள்: டாங்கிகளை அடிக்கும் 16 புதிய ஆறு பவுண்டர் பீரங்கிகள், 9 மாட்டில்டா டாங்கிகள், கொஞ்சம் களப் பீரங்கிகள்.

ஜூலை 1 காலையில் ஜெர்மானியரின் 15ஆம், 21ஆம் பான்சர் (டாங்கி) டிவிஷன்கள் வந்தபோது அந்த இடத்தில் ஆள் இருப்பார்கள் என்றே எதிர்பார்க்கவில்லை. பகல் முழுவதும் சண்டை நடந்தது. மாலையில் அரண் விழுந்தது, பிரிகேட்டின் பெரும்பகுதி சிறைப்பட்டது. ஆனால் அன்று காலையில் ரொம்மலிடம் ஓடும் நிலையில் இருந்த 55 டாங்கிகளில் 18 அங்கே போய்விட்டன. ஒரு நாளும் போய்விட்டது. பின்னால் மற்ற படைகளைச் சீராக நிறுத்திக்கொள்ள பிரித்தானியத் தளபதி ஆக்கின்லெக்குக்கு அந்த ஒரு நாள்தான் வேண்டியிருந்தது. ஜூலை 3 முடிவதற்குள் ரொம்மலின் முதல் பாய்ச்சல் ஓய்ந்தது.

இவ்வளவையும் சேர்த்து எழுதினேன். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் பழைய வரியே திரும்பி வந்திருந்தது. திருத்தியவர் உரையாடல் பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தார்: இந்தியப் படை அப்போது பிரித்தானிய அரசின் கீழ் இருந்தது, ஆகவே பிரித்தானியப் படை என்பது பிழையல்ல, மேலும் சான்று தரப்படவில்லை. இரண்டாவது காரணம் நியாயமானது. சான்று தராதது என் தவறு. சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய அரசு வெளியிட்ட போர் வரலாற்றில் வட ஆப்பிரிக்காவுக்கென்றே ஒரு தொகுதி உண்டு. அதன் ஸ்கேன் பிரதியைத் தேடிப் பிடித்து, பக்க எண்ணோடு ஒவ்வொரு வரியாக மீண்டும் எழுதினேன்.

முதல் காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. குத்தகைக்காரன் உழுத நிலத்தை மிராசுதார் உழுதார் என்று எழுதுவதற்கு ஒப்பானது அது. அந்தப் பிரிகேட்டில் மூன்று பட்டாலியன்கள்: எசெக்ஸ் ரெஜிமெண்டின் 2/5, சீக்கிய ரெஜிமெண்டின் 4/11, கூர்க்காக்களின் 2/3. எசெக்ஸ் ஆட்கள் இங்கிலாந்துக்காரர்கள், அவர்களையும் பெயர் சொல்லியே எழுதினேன். மற்ற இரண்டையும் ஏன் விடவேண்டும்? தமிழ்ப் பட்டாலியன் அதில் கிடையாது. இருப்பதாகக் காட்ட நான் முயலவும் இல்லை. பஞ்சாபிலிருந்தும் நேபாள மலையிலிருந்தும் போன பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது அவர்களுக்குச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் 1942 என்றாலே பர்மாதான். மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களின் கதை எல்லா வீட்டு முகப்பிலும் உண்டு. இன்றும் ஆச்சிமார் பெட்டகத்திலிருந்து பர்மாப் பத்திரக் கட்டை எடுத்து வந்து, இதற்கு ஏதாவது கிடைக்குமா தம்பி என்று கேட்கிறார்கள். அந்தப் பேரிழப்பின் நிழலில், அதே ஆண்டில் மணலுக்குள் போய்வந்தவர்களை யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். ஐயாவின் தம்பி. சின்னய்யா என்போம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து, பெங்களூரில் பயிற்சி முடித்து, எகிப்துக்குப் போனவர்.

அவர் போரைப் பற்றிப் பேசுகிறவர் இல்லை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு நாள், நெல் மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தவர், என்ன தோன்றியதோ, அடுப்படியிலிருந்து ஒரு பித்தளை வட்டிலை எடுத்துவரச் சொன்னார். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, கொல்லையில் கொட்டியிருந்த ஆற்று மணலுக்குள் அதைப் புதைத்தார். பிறகு குப்புறப் படுத்தார். கையில் மூட்டையில் நெல் பார்க்கும் குத்தூசி. அதை நேராகக் குத்தவில்லை. சாய்த்துப் பிடித்து, மாவில் விரல் வைப்பதுபோல் மெதுவாக உள்ளே விட்டார். எடுத்தார். நான்கு விரற்கடை தள்ளி மறுபடி விட்டார். ஐந்தாவதோ ஆறாவதோ தடவை ‘டிக்’ என்று ஒரு சிறிய சத்தம். உடனே கை நின்றது. நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும், சாய்த்து விட்டால் பக்கவாட்டில் படும் என்றார். பிறகு விரல்களால் மணலை விலக்கினார், விளிம்பு முழுவதும் தெரிந்த பிறகும் வட்டிலைத் தூக்கவில்லை. அடியில் கையை நுழைத்துத் தடவிப் பார்த்தார். கீழே இன்னொன்றைக் கட்டி வைத்திருப்பான், தூக்கினால் அதுதான் வெடிக்கும் என்றார். அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. எழுந்து மணலைத் தட்டிவிட்டு வட்டிலை அப்பத்தாவிடம் கொடுத்தார். அப்பத்தா ஒன்றும் பேசாமல் புளி போட்டுத் துலக்கி வைத்தார்.

ஜெர்மானியர் டாங்கிகளுக்காகப் புதைத்த அந்தக் கண்ணிவெடியின் பெயர் டெல்லர். அவர்கள் மொழியில் தட்டு என்று பொருள். அவர் வட்டிலைக் கேட்டதன் காரணம் இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. அன்று இரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

அவருடைய ஆப்பிரிக்கா ஸ்டார் பதக்கம் என்னிடம் இருக்கிறது. ஆறு முனை நட்சத்திரம். மணல் நிற ரிப்பனின் நடுவே சிவப்புப் பட்டை. பின்புறம் எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் அடித்திருக்கிறது. அவர் பெயரைக் கட்டுரையில் சேர்க்க முடியாது. வீட்டில் கேட்ட கதை சான்றாகாது. என் தொழிலிலும் அதுதான் சட்டம்: வாய்மொழி பத்திரமாகாது. அந்த விதியில் எனக்கு வருத்தம் இல்லை. அது இல்லாவிட்டால் ஆளுக்கொரு கதையைக் கொண்டுவந்து கொட்டி, படிக்கிற பிள்ளைகளுக்கு எதுவும் மிஞ்சாது.

சான்று உள்ளதைச் சேர்த்தேன். எல் அலமைன் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அதன் தென்கிழக்குப் பகுதியில் தனியாக ஒரு நினைவிடம் இருக்கிறது. எகிப்திலும் லிபியாவிலும் அவரவர் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட அறுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கானது. கல்லறையை மட்டும் எண்ணுகிறவர் கண்ணுக்கு இவர்கள் படமாட்டார்கள். அதனால் அதை இருக்கும் இடத்தின் தகவலோடு தனிப் பத்தியாகவே வைத்தேன்.

உரையாடல் பக்கத்தில் நான்கு நாள் வாதம் நடந்தது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் ‘சண்டை’ என்பதைவிடச் ‘சமர்’ என்பதே பொருந்தும் என்றார். அதை இன்னும் முடிவு செய்யவில்லை. என் வரியை நீக்கியவர் பக்க எண்களைச் சரிபார்த்துவிட்டு, ‘18ஆம் இந்தியப் பிரிகேட்’ என்று தாமே திருத்திவிட்டார். அதோடு ஈராக்கிலிருந்து அவர்கள் வந்த தகவலை மேலே கொண்டுபோய்ச் சரியான இடத்திலும் வைத்தார். நன்றி தெரிவித்து எழுதினேன்.

கண்ணிவெடி அகற்றும் முறை பற்றி ஒரு பத்தி மட்டும் பாக்கியிருந்தது. போன ஞாயிறு அதையும் முடித்தேன். துப்பாக்கி முனைக் கத்தியாலோ மெல்லிய கம்பியாலோ மணலைச் சாய்வாகத் துழாவினார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. அந்தக் கம்பி எப்படிப்பட்டது என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே என்று, ‘குத்தூசி போன்ற’ என்று இரண்டு சொல் சேர்த்தேன். இன்று காலை பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை.