எழுந்து நின்றபின் 15-வது துடிப்பு

மூன்று வாரமாகத் தினமும் காலையில் என் நாடித்துடிப்பைக் குறித்து வருகிறேன். முதலில் கழுத்தில் விரல் வைத்துத்தான் எண்ணினேன். கொஞ்சம் அழுத்திவிட்டால் துடிப்பு தானாகவே குறைந்தது. ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. அங்கே அழுத்துவது ஆபத்தும்கூட. உடனே மணிக்கட்டுக்கு மாறினேன். படுத்திருந்தால் 62, நின்றால் 76. தினமும் ஏறக்குறைய இதே இரண்டு எண்கள். நடுவில் நடப்பதை ஒரு நிமிடக் கணக்கு விழுங்கிவிடுகிறது என்பது இரண்டாவது வாரம்தான் உறைத்தது.

சரி, துடிப்புக்கும் துடிப்புக்கும் உள்ள இடைவெளியையே அளப்போம் என்று, ஒளியால் நாடி பார்க்கும் சின்ன சென்சாரை ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் இணைத்தேன். விரலில் இறுக்கிக் கட்டினால் நுனி வெளுத்து அலை காணாமல் போகிறது; தளர்த்தினால் எழும் அசைவில் கோடு தாறுமாறாகிறது. காதுமடலில் கிளிப் மாட்டி, ஒயரைக் கன்னத்தில் டேப் போட்டு ஒட்டியபிறகுதான் சுத்தமான அலை வந்தது.

பத்து நிமிடம் படுத்திருந்துவிட்டு எழுந்து நின்றேன். 0.97 விநாடியாக இருந்த இடைவெளி மளமளவென்று சுருங்கி, 15-வது துடிப்பு வாக்கில் 0.65 ஆனது. நிமிடத்துக்கு 92! அப்புறம் அசையாமல் நிற்கும்போதே நீண்டு, 30-வது துடிப்பை ஒட்டி 0.86-ஐத் தொட்டு, 0.79-ல் நிலைத்தது. ஐந்து நாளும் இதே மேடு, இதே பள்ளம். முதல் நாள் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நின்றதும் அரை லிட்டர் அளவு ரத்தம் கீழே இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது. வந்ததைத்தானே அது தள்ள முடியும்? அழுத்தம் சரிகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணரிகள் அதைக் கண்டுகொள்ள, மூளையின் அடியில் உள்ள முகுளம் முதல் வேலையாக, துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்துகிறது. இது ஓரிரு துடிப்புக்குள் நடந்துவிடும். வேகஸுக்கு எதிர்வேலை செய்யும் பரிவு நரம்புகள் நுண்தமனிகளைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றச் சில விநாடிகள் ஆகும். அழுத்தம் ஏறியதும் வேகஸ் மறுபடி பிடிக்கிறது. 30-வது துடிப்பில் தெரியும் தணிவு அதுதான்.

இதயத்தின் சொந்த வேகமே 62 என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஏ. கணுவை அதன் போக்கில் விட்டால் 100 வாக்கில் ஓடும். மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால், ஓய்விலும் துடிப்பு 90, 100 என்று இருக்கும். நான் படுத்திருக்கும் நேரமெல்லாம் வேகஸ் பிரேக்கை மிதித்தபடியே இருக்கிறது. 1921-ல் வெளியான சோதனையில் மருந்தியலாளர் ஓட்டோ லோவி, வேகஸைத் தூண்டிய தவளை இதயத்திலிருந்து எடுத்த திரவத்தை இன்னொரு தவளை இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவானது. பிரேக் ஒரு வேதிப்பொருள்: அசிட்டைல்கோலின்.

மூச்சிலும் அந்த பிரேக் தெரிகிறது. உள்ளே இழுக்கையில் இடைவெளி 0.86, வெளியே விடுகையில் 1.08. நிமிடத்துக்கு ஆறு மூச்சாகக் குறைத்தால் இந்த ஏற்றஇறக்கம் இன்னும் பெரிதாகிறது.

நேற்று புதிதாக ஒன்று: நின்று நிலைத்தபின் கால்களைப் பின்னித் தொடையையும் கெண்டைக்காலையும் இறுக்கினேன். தசை பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்பும் என்பது கணக்கு. 0.79 இருந்தது 0.83 ஆனது. ஒரே தடவைதான் பார்த்திருக்கிறேன். நாளைக் காலை மறுபடியும்.