ஒரே மலை, மூன்று விதப் பனி: ஆர்ல்பெர்க்கில் ஸ்கீ தேடிய நாட்கள்

மார்ச் மாதக் கடைசியில் ஆஸ்திரியாவின் செயின்ட் ஆன்டனுக்குப் போவதென்று நானும் தங்கையும் முடிவு செய்ததற்குக் காரணம் இருந்தது. இருவருக்கும் சொந்தமாக ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குப் பலகை, வாங்க வேண்டும். அவள் எளிதான நீலத் தடங்களில் தயக்கமில்லாமல் இறங்குவாள். நடுத்தரமான சிவப்புத் தடங்களிலும் இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்துத் திரும்புவாள். சரிவு செங்குத்தானால் மட்டும் உடல் பின்னால் சாய்ந்துவிடும். நான் கடினமான கறுப்புத் தடங்களிலும், தடத்துக்கு வெளியே உள்ள பனியிலும் போகிறவள். எல்லாவிதப் பனிக்கும் ஏற்றது என்ற பொருளில் ஆல்-மவுண்டன் என்ற ஒரே பெயரில் விற்கும் ஸ்கீகளில் எங்கள் இருவருக்கும் பொருந்துபவை நிச்சயம் வேறு வேறாகத்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள, ஒரே நாளில் பலவிதப் பனி கிடைக்கும் இடம் வேண்டும்.

செயின்ட் ஆன்டன் இருக்கும் ஆர்ல்பெர்க் மலைப்பகுதி மார்ச் கடைசியில் அதற்கு ஏற்ற இடம். ஊர் 1,304 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே வல்லுகா சிகரம் 2,811 மீட்டர். ஊருக்கு மேலே உள்ள கால்சிக் மலைப் பக்கத்துச் சரிவுகளில் நல்ல வெயில் விழும். இரவில் உறைந்த பனி காலையில் இறுகிக் கிடக்கும். முற்பகலில் மேல்தோல் இளகும். பிற்பகலில், அதற்குள் இறங்கிப் போனவர்கள் உழுதுபோட்ட ஈரக் குவியல்களுக்கு நடுவே வழி தேட வேண்டியிருக்கும். வெயில் படாத உயரமான மடிப்புகளில் மட்டும் பனி காய்ந்த தூளாகவே மிஞ்சியிருக்கும். எந்த ஸ்கீயாக இருந்தாலும் இங்கே ஒரே நாளில் தன் குணம் முழுவதையும் காட்டிவிடும்.

வாடகைக்கு எடுத்த இடத்தில் சோதனை ஸ்கீகளைப் பகலில் மாற்றிக்கொள்ள அனுமதித்தார்கள். ஒவ்வொன்றையும் கையில் வாங்கியதும் நான் முதலில் செய்தது, விரல் நகத்தின் முதுகை எஃகு விளிம்பின் குறுக்கே மெல்ல இழுத்துப் பார்த்தது. விளிம்பு கூராக இருந்தால் நகத்திலிருந்து வெள்ளைத் துகள் சீவிக்கொண்டு வரும். வழுக்கிக்கொண்டு போனால் விளிம்பு மழுங்கியிருக்கிறது என்று பொருள். மழுங்கிய விளிம்போடு இறுகிய பனியில் இறங்கிவிட்டு, 'இந்த ஸ்கீக்குப் பிடிமானம் இல்லை' என்று தீர்ப்புச் சொல்வது அந்த ஸ்கீக்குச் செய்யும் அநியாயம். அதனால் தீட்டித் தரச் சொல்லி, காத்திருந்து வாங்கினேன்.

இனி அகலத்துக்கு வருகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்கீயின் நடுப்பகுதியில், பூட்டு என்ற ஸ்கீ காலணிக்கு அடியில் உள்ள அகலத்தை இடை அகலம் என்கிறோம். ஆல்-மவுண்டன் வகையில் இது ஏறத்தாழ 80 முதல் 100 மி.மீ. வரை இருக்கும். பிளிஸார்ட் பிராமா 88, நார்டிகா என்ஃபோர்சர் 94, சாலமன் கியூஎஸ்டி 98 போன்ற பெயர்களில் வரும் எண் இதுதான். வழக்கமான பூட்டின் அடி முன்புறத்தில் சுமார் 69 மி.மீ. அகலம் கொண்டது. ஸ்கீயின் இடை அதைவிட அகலமாக ஆக, எஃகு விளிம்பு காலின் நடுக்கோட்டை விட்டு விலகிப்போகிறது. இறுகிய பனியில் திரும்பும்போது உடலின் பாரம் முழுவதும் அந்த ஒற்றை விளிம்பில்தான் நிற்கிறது. விளிம்பு விலகியிருக்கும் அளவுக்குப் பனி ஸ்கீயை மறுபடி தட்டையாகப் படுக்கவைக்கப் பார்க்கும். அதற்கு விட்டுக்கொடுக்காமல் தாங்குவது கணுக்காலும் முழங்காலும்தான். மென்மையான பனியில் கதை மாறுகிறது. ஸ்கீ சற்றே அமிழ, பாரம் அடிப்பரப்பு முழுவதும் பரவுகிறது. அகலம் மிதக்கவைத்து உதவுகிறது.

தங்கை முதலில் ஆசையோடு எடுத்தது இடை 98 மி.மீ. கொண்ட ஒன்றை. காலை ஒன்பது மணிக்குக் கால்சிக்கிலிருந்து இறங்கிய முதல் தடத்திலேயே, ஒரு பக்க விளிம்பிலிருந்து மறுபக்க விளிம்புக்கு மாற அவளுக்குத் தாமதமாயிற்று. "அக்கா, திரும்பு என்று நான் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் இது திரும்புகிறது" என்றாள். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. 84 மி.மீ. ஸ்கீயை மாட்டிக்கொண்டு அதே தடத்தில் இறங்கியபோது அவள் தோள்கள் தளர்ந்திருந்ததைப் பின்னாலிருந்தே பார்த்தேன். பெரும்பாலும் இயந்திரம் சமன்செய்த தடங்களில் போகிறவர்களுக்கு 80 முதல் 90 மி.மீ. போதும். பாதி நேரமாவது தடத்தை விட்டு வெளியேறுகிறவர்கள் 94 முதல் 100 வரை போகலாம். என்றோ ஒருநாள் இடுப்பளவு புதுப்பனி விழும் என்ற நம்பிக்கையில் அகலமானதை வாங்கி ஆண்டு முழுவதும் இறுகிய பனியில் சிரமப்பட வேண்டியதில்லை. அந்த நாள் வந்தால் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஹானஸ் ஷ்னைடர் 1907இல் பனிச்சறுக்கு கற்பிக்கத் தொடங்கிய ஊர் இது. அந்தக் கால ஸ்கீக்கும் இன்றையதற்கும் உள்ள பெரிய வேறுபாடு பக்க வளைவு, அதாவது இரு முனையும் அகன்று நடு ஒடுங்கிய வடிவம். 1993இல் எலான் நிறுவனம் எஸ்சிஎக்ஸ் என்ற ஆழ்ந்த பக்க வளைவுள்ள ஸ்கீயைக் கொண்டுவந்த பிறகு, சாய்த்தாலே வளைந்து போகும் ஸ்கீகள் பரவலாயின. ஸ்கீயின் மேல் அச்சிட்டிருக்கும் ஆரம் என்ற எண் இந்த வளைவைச் சொல்கிறது. 14, 15 மீட்டர் என்றால் சிறு திருப்பங்களுக்கு இசையும். 18க்கு மேல் போனால் வேகமும் நீண்ட திருப்பமும் கேட்கும். தங்கைக்கு முதல் வகை, எனக்கு இரண்டாவது. இதில் அதிகம் யோசிக்க எதுவும் இல்லை.

நீளத்தை மட்டும் தனியாகப் பார்க்கக் கூடாது. இரண்டு ஸ்கீயின் அடிப்பக்கங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் அது கேம்பர். இறுகிய பனியில் பிடிமானம் தருவது அதுதான். முனைப் பக்கம் சீக்கிரமே விலகிப் பிரிந்தால் ராக்கர். மென்பனியில் முனை புதையாமல் மேலெழ உதவும். ராக்கர் நீளமாக இருந்தால், தட்டைப் பனியில் உண்மையில் தொடும் விளிம்பு குறைவு. எனவே 180 செ.மீ. ஸ்கீ ஒன்று, கால் அடியில் அதைவிடக் குட்டையாகவே உணரப்படும். இடைநிலையில் இருப்பவர்கள் மூக்கு, நெற்றி உயரத்துக்குள் எடுக்கலாம். தேர்ந்தவர்கள், அதிலும் ராக்கர் அதிகமுள்ள ஸ்கீயில், உச்சந்தலை உயரம் வரை போகலாம்.

பிற்பகலில் நான் ஷிண்ட்லர்கார் வழியாக இறங்கினேன். அடையாளக் கம்பம் நட்டு, பனிச்சரிவு அபாயத்தைப் பார்த்துத் திறந்துவிடும் வழி அது. ஆனால் இயந்திரம் சமன்செய்வதில்லை. வரிசையாக மேடுகள், இடையிடையே ஈரக் குவியல்கள். முதல் முறை எடைகுறைந்த ஒரு ஸ்கீயில் போனேன். மேடுகளுக்கு நடுவே சுழற்றித் திருப்ப அருமையாக இருந்தது. குவியல்களில் மோதும்போதெல்லாம் முனை இடமும் வலமுமாகத் தள்ளப்பட்டது. அடுத்து, மர உள்ளகத்தோடு டைட்டனல் என்ற அலுமினியக் கலவையும் சேர்த்த, 96 மி.மீ. இடை கொண்ட ஃபோல்கல் எம்6 மந்த்ரா. குவியலை அறுத்துக்கொண்டு நேராகப் போயிற்று. கால் அடியில் அதிர்வு அடங்கிவிட்டது. ஆனால் மேடுகளுக்குள் ஒவ்வொரு திருப்பத்தையும் நான்தான் முன்கூட்டியே தொடங்க வேண்டியிருந்தது. ஒரு கணம் பின்னால் சாய்ந்தாலும் வால்பகுதி இழுத்துக்கொண்டு போனது. தொடை களைத்த மாலை நேரத்தில் உலோகம் தயவு காட்டாது. ஆனாலும் எனக்கு வேண்டியது அந்த நிதானம்தான். பல்துறை என்று சொல்லப்படும் ஸ்கீ எல்லாவற்றிலும் சிறந்ததாக இருக்க முடியாது. எதைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் வாங்குகிறவர்தான். நான் மேடுகளில் கிடைக்கும் சுறுசுறுப்பை விட்டுக்கொடுத்தேன்.

தங்கைக்கு உலோகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளே இரண்டையும் போட்டுப் பார்த்துச் சொன்னாள். இடைநிலையில் இருப்பவர்கள் 'இன்னும் கொஞ்ச நாளில் தேறிவிடுவேன், அதற்கும் சேர்த்து வாங்குகிறேன்' என்று விறைப்பான ஸ்கீயை எடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வளைக்க வலுவும் வேகமும் கேட்கும் ஸ்கீ, மெதுவாகப் போகிறவருக்கு எதையும் கற்றுத்தராது. வளையாமல் சும்மா வழுக்கும், பயம் கூடும், உடல் இன்னும் பின்னால் போகும். மிதமான விறைப்புள்ள ஸ்கீ முன்னால் சாய்ந்து அழுத்தியதும் பதில் சொல்லும். அவள் 84 மி.மீ. இடையும் மூக்களவு உயரமும் உள்ளதைத் தேர்ந்தாள்.

பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கில் மூன்று விஷயம் பார்த்தோம். பூட்டின் அடி பழைய தட்டை வகையா, நடக்க வசதியாக வளைந்த கிரிப்வாக் வகையா என்பதற்குப் பைண்டிங் பொருந்த வேண்டும். பிரேக் கம்பிகள் ஸ்கீயின் இடையைவிடச் சில மி.மீ. அகலமாக இருக்க வேண்டும். குறுகினால் விளிம்பில் உரசும், மிகவும் அகன்றால் திருப்பத்தில் பனியில் இடறும். எவ்வளவு விசையில் பூட்டு விடுபடும் என்பதைக் குறிக்கும் டின் எண்ணை எடை, உயரம், வயது, பூட்டின் அடி நீளம், சறுக்கும் பாணி ஆகியவற்றை வைத்துத் தொழில்நுட்பர் அட்டவணை பார்த்துக் கணக்கிடுவார். பாணியைக் கேட்டபோது தங்கை கூச்சப்படாமல் நடுவகையைச் சொன்னாள். தன் திறமையைக் கூட்டிச் சொல்கிறவரின் பைண்டிங், விழும்போது விட வேண்டிய நேரத்தில் விடாமல் முழங்காலை முறுக்கும். தொழில்நுட்பர் திருகாணியைத் திருப்பி, எண்ணைப் படிவத்தில் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.