கூப்பிடு தூரத்தில் வீடு

பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குத் தேர்வாகிவிட்டேன் என்றதும் பழவந்தாங்கலில் எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. ராணுவ அதிகாரி ஆகப்போகிறேன் என்பதற்காக அல்ல. வீட்டுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்துவிட்டதாம். சனிக்கிழமைதோறும் எண்ணெய்க் குளியலுக்கு வந்துவிட வேண்டும் என்று பாட்டி நிபந்தனையே போட்டுவிட்டாள். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, இம்பாலில் இருந்து வந்தவனுக்கும் எனக்கும் வீடு ஒரே தூரம்தான் என்று. சொல்லப்போனால் அவன் பாடு தேவலை. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பார்த்து, இது இப்போது எங்கள் மொட்டை மாடிக்கு மேலே போயிருக்குமே என்று அவன் நினைக்க வேண்டியதில்லை.

முதல் சில வாரங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. முடியை ஒட்ட வெட்டுவது, கறுப்பு இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, கைப்பேசியை ஒப்படைப்பது எல்லாம் பலரும் சொல்லிக் கேட்டதுதான். என்னைக் கேட்டால் அந்த வாரங்கள் சுலபம். ஓடு என்றால் ஓட வேண்டும், நில் என்றால் நிற்க வேண்டும், யோசிக்கும் வேலை நமக்கு இல்லை. அது முடிந்து, இனி நீ கேடட், உன் வேலையை நீயே பார்த்துக்கொள் என்று விடும்போதுதான் கஷ்டம் ஆரம்பிக்கிறது.

காரணம் நேரம். புனே தேசியப் பாதுகாப்பு அகாடமியில் மூன்று வருடம், டேராடூன் ராணுவ அகாடமியில் ஒரு வருடம் என்று பள்ளி முடித்து அந்த வழியில் வருகிறவர்கள் நான்கு வருடம் பயிற்சி பெறுகிறார்கள். இங்கே பட்டதாரிகளை எடுத்து 49 வாரத்தில் லெப்டினன்ட் ஆக்க வேண்டும். 1962 சீனப் போருக்குப் பிறகு அவசரமாக அதிகாரிகள் தேவைப்பட்டபோது 1963-ல் ஆரம்பித்த இடம் இது. அந்த அவசரம் இன்னும் போகவில்லை என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். விடியும் முன் உடற்பயிற்சி. உடனே அறைக்கு ஓடி, குளித்து, கஞ்சி போட்ட சீருடைக்கு மாறி, சிற்றுண்டியை விழுங்கிவிட்டு, அணியாக சைக்கிளில் வகுப்புக்குப் போக வேண்டும். பிறகு ஆயுதப் பயிற்சிக்கு வேறு உடை, மாலை விளையாட்டுக்கு வேறு உடை, இரவு மெஸ்ஸுக்கு டை. ஒரு நாளில் உடல் களைத்ததைவிட உடை மாற்றிக் களைத்ததுதான் அதிகம்.

இதில் தனியாகக் கெட்டிக்காரனாக இருந்து பயனில்லை என்பது சீக்கிரமே புரிந்துவிடும். நான் தயாராகி வெளியே நின்றுவிட்டேன், என் அறைத் தோழன் இன்னும் பூட்ஸ் கயிறு கட்டுகிறான் என்றால் இருவருமே தாமதம்தான், தண்டனையும் இருவருக்கும்தான். அவன் ஹரியாணாக்காரன். சீருடை மடிப்பு கத்தி முனைபோல் நிற்க வேண்டுமானால் அவனிடம்தான் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் உயரக் கோடுகள் என்றால் அவனுக்குத் தலை சுற்றும். இரவு விளக்கணைக்கும் முன் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் அவன் என் சட்டையைத் தேய்ப்பான், நான் அவனுக்குக் கோடுகளைச் சொல்லிக்கொடுப்பேன். இதை நட்பு என்று அப்போது இருவரும் நினைக்கவில்லை. அவசரத்துக்கு ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஹிந்தியைப் பற்றி. வகுப்புகள், எழுத்துத் தேர்வுகள் ஆங்கிலத்தில். அணிவகுப்புக் கட்டளைகள் ஹிந்தியில். சாவ்தான், விஷ்ராம், பீச்சே முட் என்று அவை கொஞ்சம்தான், என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம். உஸ்தாத்கள், அதாவது பயிற்சி கொடுப்பவர்கள், திட்டுவது புரிய மாதங்கள் ஆகும். புரியாத வரை நிம்மதி என்பதுதான் என் அனுபவம். நான் எதற்கும் முகம் வாடாததைப் பார்த்து மனதிடம் உள்ளவன் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை.

ஏப்ரலில் சேர்கிறவர்களுக்கு அக்னி நட்சத்திரம் டிரில் மைதானத்தில்தான். வடக்கிலிருந்து வந்தவர்கள் வெயிலுக்குத் தயாராக வந்திருந்தார்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்குத் தயாராக வரவில்லை. சொந்த ஊர்க்காரன் என்ற கர்வம் எனக்கு இருந்தது. மே மாதம் முதுகு முழுக்க வேர்க்குரு வந்ததும் அது போய்விட்டது. கடற்காற்று கிளம்புவதற்குள் டிரில் வகுப்பு முடிந்துவிடும் என்பதுதான் கொடுமை. உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீரை வெட்கப்படாமல் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

அந்த மைதானத்துக்குப் பரமேஸ்வரன் டிரில் சதுக்கம் என்று பெயர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1972-ல் இதே இடத்தில் பயிற்சி முடித்து அதிகாரியானவர். 1987 நவம்பரில் இலங்கையில் அமைதிப் படையில் இருந்தபோது உயிர் இழந்தார், பரம்வீர் சக்ரா பெற்றார். பம்பாயில் பிறந்த தமிழர். அந்தப் போரைப் பற்றி எங்கள் வீட்டிலேயே ஆளுக்கொரு கருத்து உண்டு, அப்பாவும் சித்தப்பாவும் இன்றும் சண்டை போடுவார்கள். ஆனால் அந்தப் பெயர் கொண்ட தரையில் கால் தப்பாமல் நடக்க வேண்டும் என்ற நினைப்பு வேறு எந்த அறிவுரையையும்விட என்னை நிமிர்த்தியது உண்மை.

அங்கே நடப்பதற்கு ஒரு தேர்வு இருக்கிறது. சல்யூட், திரும்புதல், மெது நடை எல்லாம் பார்ப்பார்கள். அதில் தேறாதவர்களுக்கு வெளியே போக அனுமதி இல்லை. வேக நடையில் தப்புகளை மறைத்துவிடலாம். மெது நடையில் ஒற்றைக் காலில் உடம்பு நிற்கும் அந்தக் கணத்தில் எல்லாம் தெரிந்துவிடும். எங்கள் கம்பெனியில், அதாவது பயிற்சிப் பிரிவில், ஓட்டத்தில் முதலாவதாக வருகிறவன் இதில் திணறினான். பத்தொன்பது வயது வரை பரதநாட்டியம் கற்ற ஒரு பெண் கேடட் யாரும் சொல்லாமலேயே அழகாக நடந்தாள். 1992 முதல் இங்கே பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள்; அவர்களால் முடியுமா என்று கேட்கிற மாமாக்களை அந்த மைதானத்தில் ஒரு காலை நிற்கவைத்தால் போதும்.

தேறியதும் முதல் அவுட் பாஸ். ஞாயிற்றுக்கிழமை, முழுக்கை சட்டை, டை, பளபளக்கும் ஷூவோடு பழவந்தாங்கல் வெயிலில் நடந்து வருகிறேன். எதிரே வந்த பக்கத்து வீட்டு மாமி, எந்த இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது என்று அக்கறையாக விசாரித்தார். வீட்டில் அம்மா செய்து வைத்திருந்த எல்லாவற்றையும் நின்ற நிலையில் விழுங்கினேன். மென்று சாப்பிடு என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டேன். பாட்டியின் வருத்தம் வேறு: இத்தனை மாதம் நடக்கவா சொல்லிக்கொடுத்தார்கள், அதை நாங்கள்தான் ஒரு வயதிலேயே கற்றுக்கொடுத்துவிட்டோமே.

இனி சேரப்போகிறவர்களுக்கு ஒன்று. எல்லோரும் ஓடிப் பழகிவிட்டு வருகிறார்கள். நல்லது. ஆனால் போர்க்கள உடல்திறன் தேர்வில் துப்பாக்கியும் சுமையுமாக ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும்; ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும்; நேராகத் தொங்கும் கயிற்றில் ஏற வேண்டும்; கிடையாகக் கட்டிய கயிற்றில் போக வேண்டும். பலரும் மாட்டிக்கொள்வது கயிற்றில். தோள் வலு மட்டும் இருப்பவன் பாதியில் தொங்குவான். கால்களால் கயிற்றைக் கவ்வி, உடம்பைக் காலால் மேலே தள்ளத் தெரிந்தவன் ஏறிவிடுவான். மாநகராட்சிப் பூங்காவின் கம்பியில் புல்-அப் எடுத்துப் பழகியவர்கள் ஒரு கயிற்றையும் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே பிடித்தது இரவு வழி கண்டறியும் பயிற்சி. ஒரு சிறு குழு, ஒரு காம்பஸ், 1:50,000 அளவு வரைபடம். டார்ச்சைத் தாராளமாக அடிக்கக் கூடாது. ஒருவன் திசை பார்ப்பான், ஒருவன் காலடி எண்ணுவான், மற்றவர்கள் சரிபார்ப்பார்கள். வரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். பேப்பரில் அது ஒன்றுமே இல்லை. இருட்டில் முள்ளுக்கும் வரப்புக்கும் நடுவே அந்த இரண்டு சென்டிமீட்டருக்கு முடிவே இல்லை. அன்று எங்கள் தலைவன் இமாசலக்காரன். மலையில் எங்கே விட்டாலும் வழி சொல்லிவிடுவான். தொண்டை நாட்டுத் தட்டை நிலத்தில் அவனுக்குப் பிடிமானமே கிடைக்கவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் பனைமரம்.

வரைபடத்தில் வளைந்து போகும் ஒரு நீளக் கோட்டைக் காட்டி, இது ஏரிக்கரை, இதன் மேல் ஏறிவிட்டால் போதும் என்றேன். தண்ணீரே இல்லையே, ஏரி எங்கே என்றான். ஆடியில் செங்கல்பட்டுப் பக்கம் ஏரியில் தண்ணீர் தேடுகிறவன் வெளியூர்க்காரன்தான். கரை மட்டும் அசையாமல் இருக்கும். அதன் மேல் நடந்து மதகு வரை போனோம். நாங்கள் நிற்கும் இடம் வரைபடத்தில் எது என்று அங்கே உறுதியானது. அங்கிருந்து அடுத்த இலக்குக்குத் திசை எடுத்தோம். அவன் அன்றிலிருந்து எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் ஏரி எங்கே என்று கேட்பான். ராஜஸ்தான் வரைபடத்திலும் கேட்டான்.

படிப்பும் உண்டு. பயிற்சி முடிக்கும்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மேலாண்மை முதுநிலைப் பட்டயம் கிடைக்கும். அதற்கான பாடங்களில் விழித்திருப்பதே பெரிய சாதனை. தூக்கம் வந்தால் நாமாகவே எழுந்து பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். சில மதிய வகுப்புகளில் உட்கார்ந்திருப்பவர்களைவிட நிற்பவர்கள் அதிகம். மாத உதவித்தொகை 56,100 ரூபாய் என்று உறவினர்கள் கணக்குப் போடுவார்கள். அதைச் செலவு செய்ய ஒரு மணி நேரம் கிடைக்காது என்பது அந்தக் கணக்கில் வராது.

செப்டம்பரில் சீனியர்கள் அணிவகுத்து, அந்திம் பக் என்கிற கடைசிப் படியைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் தோளில் பெற்றோர் நட்சத்திரம் குத்துவதைப் பார்க்கும்போது பொறாமைதான் வந்தது. நேற்று வரை எங்கள் பூட்ஸில் தூசி கண்டுபிடித்தவர்கள் அன்று கட்டிப் பிடித்து வாழ்த்தினார்கள். பிறகு விடுமுறை. திரும்பி வந்தபோது நாங்கள் சீனியர்கள்.

அக்டோபரில் புதியவர்கள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். தூத்துக்குடிப் பையன் ஒருவன், நான் தமிழன் என்று எப்படியோ கண்டுபிடித்து, "அண்ணா" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு "சார்" என்றான். மெஸ்ஸில் ரசம் கிடைக்குமா என்பது அவன் சந்தேகம். கிடைக்கும், ஆனால் ஆற வைத்துக் குடிக்க நேரம் இருக்காது என்றேன். டையைச் சரியாகக் கட்டத் தெரியாமல் நின்றான். கட்டிவிட்டு ஓடச் சொன்னேன்.