வெடிக்கு அசையாத நாய்

வெள்ளையனை நாற்பத்தைந்து நாள் குட்டியாக வாங்கி வந்தோம். மூக்கு இளஞ்சிவப்பு; உடம்பில் மருந்துக்கும் ஒரு புள்ளி இல்லை. “அசல் இராஜபாளையம், பார்த்தாலே தெரிகிறதே” என்றார் மாமனார். 2005இல் இந்த இனத்துக்குத் தபால்தலையே வெளியிட்டார்கள் என்று வருவோர் போவோரிடமெல்லாம் நானும் பெருமையடித்துக்கொண்டேன். ஒன்றேகால் வயதுக்குள் அவன் வீட்டு ஆட்கள் மேலேயே மூன்று முறை பாய்ந்துவிட்டான்.

ஒரு முறை மகளின் பாவாடையோடு போயிற்று, இன்னொரு முறை மனைவியின் முந்தானையோடு. இரண்டு முறையும் அவன் தூங்கிக்கொண்டிருந்தான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. “நாய்க்கு நாம்தான் எஜமான் என்று காட்ட வேண்டும் தம்பி, ஒரு நாள் வெளுத்துவிடுங்கள்” என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. செய்தித்தாளைச் சுருட்டி அடித்தேன். அதுவரை பின்னாலிருந்து கை வந்தால் உறுமவாவது செய்வான். அடிக்குப் பிறகு உறுமல் நின்றுவிட்டது, பல் மட்டும் மிஞ்சியது. என் வாழ்நாளில் கேட்டு நடந்த அறிவுரைகளிலேயே மோசமானது அதுதான்.

அந்தத் தீபாவளிக்குத் தெரு நாய்களெல்லாம் சாக்கடைப் பாலத்துக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தன. எங்கள் வாசலில் பத்தாயிரம் வாலா வெடிக்கிறது; வெள்ளையன் திண்ணையில் நாலு காலையும் பரப்பிக்கொண்டு தூங்குகிறான். “இரத்தம் அப்படி!” என்று மாமனார் மீசையைத் தடவினார். மறுநாள் காலை, குப்பையைக் கூட்ட இடம் வேண்டுமே என்று அவன் முதுகைத் தட்டி எழுப்பினேன். கண்ணைத் திறக்கும் முன்பே என் வலது கையைக் கவ்விவிட்டான். பெருவிரலுக்குக் கீழே இரண்டு ஓட்டை.

அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் எடுத்து ஓடி வந்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டு, குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். அரசு மருத்துவமனையில் காயத்தைத் தைக்கவில்லை. இரத்தம் வந்திருந்ததால் வெறிநாய்க்கடி நோய்க்கான எதிர்ப்புப் புரத மருந்தைக் கடிவாயைச் சுற்றியே ஏற்றினார்கள். கடியைவிட அதுதான் வலித்தது. பிறகு இரண்டு தோளிலும் தோலுக்குள் தடுப்பூசி. முதல் நாள், 3, 7, 28 என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதே என்றேன். “அது நாய்க்கு, இது உங்களுக்கு” என்றார் செவிலியர். தன் அண்ணனுக்கு அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட கதையை அம்மா நாலு நடையும் சொல்லிக்கொண்டே வந்தார்.

நாயை எங்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: “கடிக்கும்போது விழித்திருந்தானா?” மனைவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் உதவியாளரிடம் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னார். பின்னால், நாலடி தள்ளி நின்று, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடித்தார். நான் திடுக்கிட்டேன். வெள்ளையனின் காது மடல் அசையவே இல்லை.

முழு வெள்ளையாகப் பிறக்கும் நாய்களில் இது அபூர்வம் இல்லையாம். தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துவிடும். டால்மேஷன் நாய்களிலும் இதே கதைதான். “அவனுக்குக் கோபம் இல்லை சார். உங்களைத் தூக்கத்தில் யாராவது இருட்டில் வந்து பிடித்தால் என்ன செய்வீர்கள்?” என்றார்.

அன்று முதல் தூங்கும் நாயை யாரும் தொடுவதில்லை. திண்ணையின் நடைபாதையிலிருந்து அவன் சாக்கை மூலைக்கு மாற்றினோம். மொசைக் தரையில் காலைத் தட்டிப் பார்த்தேன், அதிர்வு போய்ச் சேரவில்லை. சாக்குக்கு அடியில் ஐந்தடிப் பலகை ஒன்றைப் போட்டேன். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைக் காலால் தட்டினால் தலையைத் தூக்குவான். தூக்கியதும் ஒரு துண்டு வேகவைத்த ஈரல். இரண்டு வாரம் இது மட்டும்தான். அப்புறம் மூக்குக்கு முன்னால் கையை நீட்டி மோப்பம் பிடிக்க விடுவது, விழித்த பிறகு தோளில் மட்டும் மெல்லத் தொடுவது, உடனே ஈரல். நடுவில் ஒரு நாள் ஊரிலிருந்து வந்த சித்தப்பா காலால் நெம்பி எழுப்பி, வேட்டியில் பாதியைப் பறிகொடுத்தார். மறுபடி பலகையிலிருந்து தொடங்கினோம்.

கூப்பிட இப்போது கைச்சாடைதான். இரவில் டார்ச்சை ஒருமுறை சிமிட்டினால் ஓடி வருகிறான். மருத்துவரிடம் போகும்போது கம்பி வாய்க்கூடு. ஈரலை உள்ளே வைத்துப் பழக்கியதால் முகத்தைத் தானே நுழைத்துக்கொள்கிறான். வாசல் பலகையில் ‘நாய்கள் ஜாக்கிரதை’யை அழித்துவிட்டு, ‘இவனுக்குக் காது கேட்காது, தூங்கினால் தொடாதீர்கள்’ என்று மகள் எழுதியிருக்கிறாள். நாலு மாதமாக யாருக்கும் கீறல் இல்லை.

குட்டியைக் கொடுத்தவருக்குத் தகவலாவது சொல்லலாம் என்று தொலைபேசியில் அழைத்தேன். பொறுமையாகக் கேட்டார். “செவிடா? நம்ம தாய் நாயும் வெடிக்கு அசையாது சார், பரம்பரையே அப்படி” என்று சிரித்தார். அது மறுபடியும் சினையாக இருக்கிறதாம், இன்னொரு குட்டி வேண்டுமா என்று கேட்டார்.